சோவியத் தொழிலாளியின் ஊதியமும் வாங்கும் திறனும்: இரு வாதங்கள் மீதான திறனாய்வு

முன்னுரை

ஊதியம் என்பது கையில் வந்து சேரும் பணம். வாங்கும் திறன் என்பது அப்பணம் வீட்டிற்குக் கொண்டுவந்து சேர்க்கும் பொருள். சந்தைப் பொருளாதாரத்தில் இவ்விரண்டிற்கும் இடையே நிற்பது பெரும்பாலும் விலை ஒன்றே. விலையைத் தெரிந்துகொண்டால் ஊதியத்தின் உண்மை மதிப்பையும் ஏறத்தாழக் கணித்துவிடலாம். சோசலிசப் பொருளாதாரத்தில் இக்கணக்கு இவ்வளவு எளிதன்று. அங்கு விலை குறைவாக இருக்கலாம். ஆனால் பொருள் கிடைக்காமல் போகலாம். ஊதியம் உயரலாம், ஆனால் உயர்ந்த தொகையைச் செலவிட வழியின்றிச் சேமிப்பு வங்கியில் போட நேரலாம். எனவே, சோவியத் ஒன்றியத்தின் தொழிலாளர் நன்றாக வாழ்ந்தனரா என்ற வினாவிற்கு ஊதியப் பட்டியலும் விலைப்பட்டியலும் மட்டும் விடையளிக்க மாட்டா.

தமிழ் வாசகருக்கு இவ்வினா புதிதன்று. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் தமிழில் வெளியிட்ட நூல்களும், சென்னையில் 1951-ஆம் ஆண்டு தோன்றிய நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் பரப்பிய நூல்களும் தமிழில் அரசியல் பொருளாதாரச் சொல்லாட்சியையே பெருமளவு வடிவமைத்தன எனலாம். கூலி, உபரி மதிப்பு, உற்பத்திச் சக்தி முதலிய சொற்களைத் தமிழ் மாணவர் பலர் அவற்றின்வழியே கற்றனர். அந்நூல்களோடு ஒரு வாதமும் வந்து சேர்ந்தது: வீட்டு வாடகை மிகக் குறைவு, கல்வியும் மருத்துவமும் இலவசம், வேலையின்மை இல்லை, ஆகவே சோவியத் தொழிலாளியின் மெய்க்கூலி அவர் கையில் வாங்கும் தொகையைவிட மிகுதி. 1991-ஆம் ஆண்டிற்குப் பின் இதற்கு நேர்மாறான வாதம் தமிழிலும் பிறமொழிகளிலும் ஓங்கியது: சோவியத் ஊதியத்தை டாலராக மாற்றிப் பார்த்தால் அது பிச்சைக்காசு. இவ்விரு வாதங்களும் ஒன்றையொன்று மறுப்பனபோல் தோன்றினும், இரண்டிற்கும் பொதுவான பிழை ஒன்று உண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்து. அப்பிழை எது என்பதையும், அதனால் யாருடைய துன்பம் கணக்கில் வராமல் போயிற்று என்பதையும் நாம் இங்கு ஆராய்வோம்.

கொள்கை நிலை: சான்றிதழும் பணமும்

சோசலிச ஊதியம் பற்றிய கருத்தாடல் அனைத்திற்கும் அடிப்படையாக அமைவது கார்ல் மார்க்ஸ் 1875-ஆம் ஆண்டு எழுதிய கோத்தா வேலைத்திட்டம் பற்றிய விமர்சனம். உழைப்பின் முழுப்பயனும் உழைப்பவருக்கே உரியது என்ற முழக்கத்தை மார்க்ஸ் அதில் ஏற்கவில்லை. தேய்ந்த கருவிகளை ஈடுசெய்யவும், உற்பத்தியைப் பெருக்கவும், இடர்க்கால இருப்பு வைக்கவும், நிர்வாகம், பள்ளி, மருத்துவம், உழைக்க இயலாதோர் பராமரிப்பு ஆகியவற்றிற்கும் சமூகத்தின் மொத்த விளைவிலிருந்து பகுதிகள் கழிக்கப்பட வேண்டும் என்கிறார். அக்கழிவிற்குப் பின் எஞ்சுவதே தனியாளுக்குப் பங்கிடப்படும். புதிய சமூகத்தின் தொடக்கக் கட்டத்தில், உழைப்பாளி தாம் அளித்த உழைப்பிற்கு ஒரு சான்றிதழ் பெற்று, அதற்கு ஈடான நுகர்பொருளைப் பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுத்துக்கொள்வார் என்பது அவர் தரும் சித்திரம்.

இச்சித்திரத்தில் நாம் கருத்தில் கொள்ள வேண்டியவை இரண்டு. முதலாவது, பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் ஆகும் செலவு இலவசக் கொடை அன்று. அது உழைப்பாளியின் பங்கிலிருந்து முன்கூட்டியே கழிக்கப்பட்டது. இரண்டாவது, சான்றிதழுக்குப் பொருள் கிடைக்க வேண்டுமானால் களஞ்சியத்தில் பொருள் இருக்க வேண்டும். உழைத்த நேரத்திற்குச் சான்றிதழ் எழுதித் தருவது எளிது. அச்சான்றிதழைப் பொருளாக மாற்றித் தருவதே கடினம். சோவியத் ஊதிய வரலாறு முழுவதும் இவ்விரண்டாவது நிபந்தனையைச் சுற்றியே சுழன்றது என்பதைப் பின்னர்க் காண்போம்.

நடைமுறையில் சோவியத் ஒன்றியம் சான்றிதழைக் கைக்கொள்ளவில்லை, ரூபிளைக் கைக்கொண்டது. 1917-ஆம் ஆண்டு அரசும் புரட்சியும் நூலில் லெனின், அரசு அலுவலர் அனைவரும் தொழிலாளிக்கு இணையான ஊதியமே பெறவேண்டும் என்றார். ஆனால் 1931-ஆம் ஆண்டு ஜூன் மாத உரையொன்றில் ஸ்டாலின் ஊதியச் சமன்பாட்டைக் கடுமையாகச் சாடினார்; திறனுக்கும் தொழிலுக்கும் ஏற்ற ஊதிய வேறுபாடு அரசின் கொள்கையாயிற்று. 1952-ஆம் ஆண்டு அவரே எழுதிய பொருளாதாரச் சிக்கல்கள் பற்றிய நூல், நுகர்பொருள்கள் பண்டங்களாகவே விளங்குகின்றன எனவும், உழைப்புச் சக்தி மட்டும் பண்டமன்று எனவும் வரையறுத்தது. இவ்வரையறையின் விளைவு யாது? தொழிலாளி தம் உழைப்பை விற்கவில்லை என்று கொள்வதால், அதன் விலையைப் பேரம் பேசவும் அவருக்கு இடமில்லாமற் போயிற்று. வாங்கும் இடத்தில் அவர் நுகர்வோர். ஊதியம் தீர்மானிக்கும் இடத்தில் அவர் வெறும் திட்ட எண்.

முதல் வாதம்: மலிவு விலைக் கணக்கு

முதல் வாதத்தை அதன் வலிமையான வடிவிலேயே எடுத்துக்கொள்வோம். சோவியத் அலுவல்முறைப் புள்ளிவிவரப்படி, தொழிலாளர், அலுவலர் ஆகியோரின் சராசரி மாத ஊதியம் 1960-ஆம் ஆண்டு 80.6 ரூபிள், 1970-ஆம் ஆண்டு 122 ரூபிள், 1980-ஆம் ஆண்டு 168.9 ரூபிள், 1985-ஆம் ஆண்டு 190.1 ரூபிள். வீட்டு வாடகை விகிதமோ 1928-ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட அடிப்படையிலேயே நீடித்தது. சதுர மீட்டருக்கு மாதம் ஏறத்தாழ 13 கோப்பெக். 30 சதுர மீட்டர் வாழிடப் பரப்பிற்கு இது 4 ரூபிள் அளவே ஆகும். அதாவது 1980-ஆம் ஆண்டின் ஒரு சராசரி ஊதியத்தில் நூற்றுக்கு மூன்று பங்கிற்கும் குறைவு. மாஸ்கோ மெட்ரோ ரயில் கட்டணம் 1961 முதல் 1991 வரை 5 கோப்பெக். வாரத்திற்கு 41 மணி நேர வேலை என்று கொண்டு 1980-ஆம் ஆண்டின் ஊதியத்தை வகுத்தால் மணிக்கு ஒரு ரூபிளுக்குச் சற்றுக் குறைவாக வரும். ஆகவே ஒரு மெட்ரோப் பயணத்தின் விலை மூன்று நிமிட உழைப்பு மட்டுமே.

இவை பொய்யல்ல. இவற்றோடு அரசு மற்றொரு கணக்கையும் சேர்த்தது. கல்வி, மருத்துவம், ஓய்வூதியம், விடுமுறை இல்லம் முதலியவற்றிற்கான சமூக நுகர்வு நிதியைக் கூட்டினால் 1980-ஆம் ஆண்டின் சராசரி ஏறத்தாழ 233 ரூபிளாக உயரும் என்று காட்டப்பட்டது. வேலையின்மை 1930-ஆம் ஆண்டே ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது; பிந்திய பத்தாண்டுகளில் வேலை இழக்கும் அச்சம் சாதாரணத் தொழிலாளியின் வாழ்வில் இல்லை என்பதையும் மறுப்பதற்கில்லை. 1956-ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம் கோடிக்கணக்கான முதியோரின் வறுமையைக் குறைத்தது. இவற்றைக் கணக்கில் கொள்ளாத விமர்சனம் நேர்மையானதாகாது.

எனினும் இக்கணக்கு மூன்று இடங்களில் தடுமாறுகிறது.

முதலாவது, சராசரியில் யார் அடங்கினர் என்பது. மேற்காட்டிய எண்கள் தொழிலாளர், அலுவலர் ஆகியோருக்கு உரியவை. கூட்டுப்பண்ணை விவசாயிகள் அவற்றுள் சேரார். அவர்கள் நெடுங்காலம் ரூபிளில் ஊதியம் பெறவில்லை. உழைப்பு நாள் என்னும் அலகில் குறித்துவைத்து, அறுவடைக்குப்பின் பண்ணையில் எஞ்சியதைப் பங்காகப் பெற்றனர். எஞ்சவில்லையெனில் பங்கும் இல்லை. உத்தரவாதமான மாத ஊதியம் அவர்களுக்கு 1966-ஆம் ஆண்டிலேதான் வந்தது. பொது ஓய்வூதிய ஏற்பாடு 1964-ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்தது. நகரத் தொழிலாளிக்குக் கிடைத்த மலிவு ரொட்டியின் பின்னால், தானியத்தைக் குறைந்த கொள்முதல் விலைக்கு ஒப்படைத்த விவசாயி நின்றார். ஒருவரின் வாங்கும் திறன் மற்றொருவரின் ஊதியமின்மையால் தாங்கப்பட்டதை முதல் வாதம் சொல்வதில்லை.

இரண்டாவது, எல்லாப் பொருளும் மலிவன்று என்பது. ரொட்டி, வாடகை, போக்குவரத்து ஆகியவற்றின் விலையைக் குறைத்த அரசு, ஆடை, மது, கார் முதலியவற்றின் மீது விற்றுமுதல் வரியைச் சுமத்தி அவற்றின் விலையை உயர்த்தியது. அரசு வருவாயின் முதன்மையான ஊற்றுகளுள் இவ்வரியும் ஒன்று. 1970-களின் தொடக்கத்தில் ஷிகுலி கார் ஒன்றின் விலை ஏறத்தாழ 5,500 ரூபிள். 1970-ஆம் ஆண்டின் சராசரி ஊதியத்தில் 45 மாதத்திற்குரிய முழுத்தொகை அது. அத்தொகையைச் சேர்த்தபின்னும் பெயர்ப் பட்டியலில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே மெட்ரோக் கட்டணத்தை மட்டும் எடுத்துக்காட்டும் கணக்கும், காரின் விலையை மட்டும் எடுத்துக்காட்டும் கணக்கும் ஒரே அளவிற்குக் குறையுடையவை.

மூன்றாவது, சமூக நுகர்வு நிதி பற்றியது. கல்வியும் மருத்துவமும் உழைப்பாளியின் பங்கிலிருந்து முன்னரே கழிக்கப்பட்டவை என்று மார்க்ஸே காட்டியிருக்க, அவற்றை அரசின் கூடுதல் வழங்கலாகக் காட்டுவது கொள்கைக்கே முரணானது. மேலும், இந்நிதியின் பயன் அனைவருக்கும் ஒரே அளவில் சென்று சேரவில்லை. தனிக் குடியிருப்புப் பெற்றவர் வாடகை மானியத்தை முழுதும் பெற்றார். பொதுக் குடியிருப்பின் ஓர் அறையில் காத்திருந்தவர் அதில் சிறுபங்கே பெற்றார். மானியம் பரப்பளவைப் பொறுத்தது. பரப்பளவோ பெரும்பாலும் பணிநிலையையும் காத்திருந்த காலத்தையும் பொறுத்தது.

இரண்டாம் வாதம்: டாலர்க் கணக்கு

இனி எதிர்வாதத்தை நோக்குவோம். 1961-ஆம் ஆண்டின் நாணயச் சீரமைப்பிற்குப் பின் ஒரு டாலருக்கு 0.90 ரூபிள் என்பது அலுவல்முறை மாற்று விகிதம். இதனைக் கொண்டு கணக்கிட்டால் சோவியத் ஊதியம் ஓரளவு மதிப்புடையதாகத் தோன்றும். கள்ளச்சந்தையிலோ ஒரு டாலருக்குப் பல ரூபிள் கொடுக்க வேண்டியிருந்தது; அவ்விகிதத்தைக் கொண்டால் அதே ஊதியம் சில பத்து டாலராகச் சுருங்கிவிடும். ஒரே மனிதரின் ஒரே மாத ஊதியம் இரு விகிதங்களில் இத்துணை வேறுபடுமாயின், இவ்வளவுகோலே பழுதுடையது என்பது தெளிவு. ரூபிள் எல்லைக்கு வெளியே செல்லாக்காசு. கள்ளச்சந்தை விகிதம், ஜீன்ஸ் முதலிய சில அயல்நாட்டுப் பொருள்களின் மீதிருந்த வேட்கையை அளந்தது. மாஸ்கோவில் ஒரு குடும்பம் வாடகைக்கும் ரொட்டிக்கும் என்ன கொடுத்தது என்பதை அளக்கவில்லை.

ஆழ்ந்து ஆய்ந்தோர் இவ்வழியைத் தவிர்த்தனர். ஜேனட் சாப்மன் 1963-ஆம் ஆண்டு வெளியிட்ட 1928-க்குப் பிந்திய சோவியத் மெய்க்கூலி பற்றிய ஆய்வு இவ்வகையில் இன்றும் பயனுடையது. எந்த ஆண்டின் நுகர்வுக் கூடையை எடைக்கல்லாகக் கொள்வது என்பதைப் பொறுத்து விடை மாறும் என்பதை அவ்வாய்வு வெளிப்படையாகக் காட்டியது. விரைந்து தொழில்மயமாகும் நாட்டில் பொருள்களின் சார்பு விலைகள் பெரிதும் மாறுவதால் இவ்வேறுபாடு தவிர்க்க இயலாதது என்பதை அலெக்சாண்டர் கெர்ஷென்க்ரான் முன்னரே சுட்டியிருந்தார். எந்த எடைக்கல்லைக் கொண்டாலும், 1937-ஆம் ஆண்டு மெய்க்கூலி 1928-ஆம் ஆண்டைவிடத் தாழ்ந்திருந்தது. இழந்த நிலையை அது மீண்டும் எட்டியது 1950-களிலேதான் என்பது அவர்தம் முடிவின் சாரம்.

ஆயினும் இங்கும் ஒரு நுட்பம் உண்டு. தனித் தொழிலாளியின் கூலி குறைந்த அதே ஆண்டுகளில் பெண்கள் பெருந்திரளாக ஆலைகளுக்குள் வந்தனர். ஒரு குடும்பத்தில் உழைப்போர் எண்ணிக்கை கூடிற்று. ஆதலின் குடும்பத்தின் தலைக்கு உரிய வருவாய், கூலி குறைந்த அளவிற்குக் குறையவில்லை. இதனைச் சாதனை என்று கூறுவோரும் உளர். நாம் இதனை வேறுவிதமாகப் படிக்கிறோம். முன்பு ஒருவர் உழைத்துக் காத்த குடும்பத்தை இப்போது இருவர் உழைத்துக் காக்க நேர்ந்தது. இரண்டாமவர் பெரும்பாலும் ஆலைப்பணி முடித்து வரிசையில் நின்று, பின்பு வீட்டுப்பணியும் செய்த பெண்.

கணக்கில் வாராதவை: வரிசையும் தகுதியும்

இரு வாதங்களுக்கும் பொதுவான பிழையை இப்பொழுது கூறலாம். இரண்டும் ரூபிளை எவர் கையிலும் ஒரே மதிப்புடைய பணமாகக் கொள்கின்றன. ஒன்று அதனை விலைப்பட்டியலால் பெருக்குகிறது. மற்றொன்று மாற்று விகிதத்தால் வகுக்கிறது. உண்மையில் ரூபிளின் மதிப்பு அதனை வைத்திருந்தவர் எந்த ஊரில், எந்தப் பணியில், எந்தக் கடைக்குள் நுழையும் உரிமையுடன் இருந்தார் என்பதைப் பொறுத்தே அமைந்தது.

அங்கேரியப் பொருளியலாளர் யானோஷ் கோர்னாய் 1980-ஆம் ஆண்டு வெளியிட்ட பற்றாக்குறைப் பொருளாதாரம் பற்றிய நூல் இதற்குரிய விளக்கத்தைத் தருகிறது. சோசலிச நிறுவனம் நட்டமடைந்தாலும் அரசு அதனைத் தாங்கிக்கொள்ளும். எனவே மூலப்பொருளையும் ஆளையும் இயன்றமட்டும் சேர்த்துக்கொள்ள அது தயங்குவதில்லை. இவ்வேட்கைக்கு எல்லை இல்லாததால் பற்றாக்குறை எங்கோ நேரும் தவறாக நில்லாமல் அமைப்பின் இயல்பாகவே ஆகிவிடுகிறது. பற்றாக்குறை நிலவும் இடத்தில் விலை செய்யவேண்டிய பங்கீட்டு வேலையை வரிசையும் காத்திருப்பும் கட்டாய மாற்றுப் பொருளும் செய்கின்றன. வேண்டிய காலணி இல்லையெனில் இருக்கின்ற காலணியை வாங்குவது. அதுவும் இல்லையெனில் பணத்தை வைத்துக்கொள்வது. முதல் வாதம் பெருமையுடன் காட்டும் மணிநேரக் கணக்கில் இக்காத்திருப்பைச் சேர்க்க வேண்டாமா? ஒரு கிலோ இறைச்சியின் அரசு விலை 2 ரூபிள் என்றால், அது இரண்டு மணி நேர உழைப்பு. வரிசையில் மேலும் இரண்டு மணி நேரம் நின்றால் அதன் உண்மை விலை இருமடங்காகிவிடுகிறது. வரிசையில் நின்ற நேரத்திற்கு எவரும் ஊதியம் தருவதில்லை.

கடைகளின் படிநிலையும் புதிதன்று. ரொட்டி அட்டை நடப்பில் இருந்த 1930-களின் முற்பகுதியில், ஆலைகளும் அலுவலகங்களும் தத்தம் பணியாளருக்கெனத் தனிக் கடைகளை நடத்தின. எந்த ஆலையில் பணி என்பதே எவ்வளவு உணவு என்பதைத் தீர்மானித்தது. அதே காலத்தில் தோர்க்சின் என்னும் அரசுக் கடைகள் 1931 முதல் 1936 வரை குடிமக்களுக்கு அயல்நாணயத்திற்கும் பொன்னுக்கும் வெள்ளிக்கும் பொருள் விற்றன. 1932–33 பஞ்சத்தில் மக்கள் திருமண மோதிரத்தைக் கொடுத்து மாவு வாங்கிய கடைகள் அவை. அந்நாளில் ரூபிள் ஊதியம் வாங்க இயலாததைப் பாட்டியின் தோடு வாங்கியது. பிற்காலத்தில் பெரியோஸ்கா கடைகள் அயல்நாட்டில் பணியாற்றித் திரும்பியோரின் சிறப்புச் சீட்டுகளுக்கு இவ்வாறே வேறோர் உலகைத் திறந்தன. மாஸ்கோவிலும் லெனின்கிராடிலும் கிடைத்த இறைச்சி சிறு நகரங்களில் கிடைக்காததால், அண்டை மாநிலத்தார் ரயிலேறித் தலைநகருக்கு வந்து வாங்கிச் சென்றனர். அவ்வாறு வர இயலாதோர் கூட்டுப்பண்ணைச் சந்தையில் அரசு விலையைப்போல் இரு மடங்கும் அதற்கு மேலும் கொடுத்தனர். ஒரே 168 ரூபிள் மாஸ்கோவில் ஓர் ஊதியம். சிறு நகரத்தில் வேறோர் ஊதியம்.

1962: விலையைக் கூட்டிய நாள்

1962-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் குருஷேவ் அரசு இறைச்சியின் விலையை ஏறத்தாழ 30 விழுக்காடும் வெண்ணெயின் விலையை ஏறத்தாழ 25 விழுக்காடும் உயர்த்தியது. கால்நடை வளர்ப்போருக்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டும் என்பதே காரணம். பொருளாதார நோக்கில் அது பொருந்தாத காரணமன்று. ஆனால் தென் ரஷ்யாவின் நோவோசெர்காஸ்க் நகர மின்ரயில் எஞ்சின் ஆலையில் அதற்குச் சற்று முன்னரே துண்டு வேலைக் கூலி விகிதங்கள் குறைக்கப்பட்டிருந்தன. ஒருபுறம் கூலி குறைந்து மறுபுறம் விலை உயர்ந்த அன்றே தொழிலாளர் வேலையை நிறுத்தினர். மறுநாள் நகர நிர்வாகத்தை நோக்கி ஊர்வலமாகச் சென்றோர் மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பின்னர் எழுவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. இறந்தோர் உறவினருக்குத் தெரியாமல் புதைக்கப்பட்டனர். 1980-களின் இறுதிவரை சோவியத் ஏடுகளில் இது குறித்து ஒரு வரியும் வரவில்லை.

இந்நிகழ்ச்சி நம் ஆய்விற்கு இருவகையில் இன்றியமையாதது. உழைப்புச் சக்தி பண்டமன்று என்ற வரையறையின் நடைமுறைப் பொருளை அது காட்டுகிறது. தம் கூலியைப் பற்றிப் பேசச் சட்டப்படியான வாயில் எதுவும் இல்லாத தொழிலாளர் தெருவிற்கு வந்தனர். வந்தபோது அரசு அவர்களைக் குற்றவாளிகளாகவே கண்டது. விலைவாசி உயர்வுக்கேற்பக் கூலியைக் கூட்டும் ஏற்பாட்டைத் தமிழில் பஞ்சப்படி என்கிறோம். விலைவாசி உயர்வே இல்லை என்று அறிவித்த நாட்டில் பஞ்சப்படி கேட்பதற்கும் இடமில்லை.

இரண்டாவது, அதன்பின் அரசு இறைச்சியின் பொது விலையைத் தொட அஞ்சியது. 1962-ஆம் ஆண்டு விலை 1991-ஆம் ஆண்டு ஏப்ரல்வரை நீடித்தது. போலந்தில் 1970, 1976, 1980 ஆகிய ஆண்டுகளில் உணவு விலை உயர்வுகள் கிளர்ச்சிகளாக மாறியதும், கடைசியானது சாலிடாரிட்டி இயக்கத்தின் பிறப்பிற்கு வழிவகுத்ததும் மாஸ்கோவின் அச்சத்தை உறுதிப்படுத்தியிருக்கும். விலையை உயர்த்த அஞ்சிய அரசு, ஊதியத்தை மட்டும் உயர்த்திக்கொண்டே சென்றது. விற்பதற்குரிய பொருள் அவ்வேகத்தில் பெருகவில்லை. இடைவெளி எங்குச் சென்றது?

சேமிப்பு: தள்ளிவைக்கப்பட்ட கூலி

அது சேமிப்பு வங்கிக்குச் சென்றது. மக்களின் சேமிப்பு வைப்பு 1970-ஆம் ஆண்டு 46.6 பில்லியன் ரூபிள். 1980-ஆம் ஆண்டு 156.5 பில்லியன், 1985-ஆம் ஆண்டு 220.8 பில்லியன். மக்கள்தொகையால் வகுத்தால் 1970-ஆம் ஆண்டு தலைக்கு ஏறத்தாழ 190 ரூபிள். அது அவ்வாண்டின் சராசரி ஊதியத்தில் ஒன்றரை மாதத்திற்குச் சற்று மேல். 1985-ஆம் ஆண்டிலோ தலைக்கு ஏறத்தாழ 800 ரூபிள். அது நான்கு மாத ஊதியத்திற்கும் மேல். இவ்வளர்ச்சி முழுவதையும் கட்டாயச் சேமிப்பு என்று கொள்வது மிகையாகும். முதுமைக்கும் திருமணத்திற்கும் காருக்கும் மக்கள் விரும்பியே சேமித்தனர். எனினும் வாங்கப் பொருளின்றி எஞ்சிய பணமும் அதனுள் கலந்திருந்தது என்பதைப் பொருளியலாளர் பலரும் ஏற்பர்.

அரசு தொழிலாளியின் கூலியைத் தள்ளிவைத்தது இது முதன்முறையன்று. ஸ்டாலின் காலத்தில் ஊழியர் ஆண்டுதோறும் தம் ஊதியத்தில் ஒரு பகுதியை அரசுக் கடன் பத்திரங்களுக்குக் கொடுக்கும்படி நெருக்கப்பட்டனர். 1947-க்குப் பிந்திய ஆண்டுகளில் நடந்த விலைக்குறைப்புகள் பெரிதும் பாராட்டப்பட்டன. அதே ஆண்டுகளில் பத்திரங்களுக்காக வாங்கப்பட்ட பணம் அப்பாராட்டுகளில் இடம்பெறவில்லை. 1957-ஆம் ஆண்டு அப்பத்திரங்களின் தொகையைத் திருப்பிச் செலுத்துவது இருபது ஆண்டுகளுக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

இறுதி அடி 1991-ஆம் ஆண்டு தொடங்கியது. ஜனவரியில் 50, 100 ரூபிள் தாள்கள் சில நாள் தவணையில் செல்லாதவையாக்கப்பட்டன; ஏப்ரலில் சில்லறை விலைகள் உயர்த்தப்பட்டன. ஒன்றியம் கலைந்தபின் 1992-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் நாள் ரஷ்யாவில் பெரும்பாலான விலைகள் மீதான கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அவ்வோராண்டில் நுகர்வோர் விலைகள் ஏறத்தாழ 26 மடங்காயின. வட்டியை ஒதுக்கிக் கணக்கிட்டால், ஆண்டின் தொடக்கத்தில் வங்கியில் இருந்த 2,600 ரூபிள் ஆண்டின் முடிவில் பழைய 100 ரூபிளுக்கே ஈடாயிற்று. 1995-ஆம் ஆண்டு ரஷ்யாவில் இயற்றப்பட்ட சட்டம் பழைய சேமிப்புகளை அரசின் உள்நாட்டுக் கடனாக ஏற்றது. பின்னர் ஈடும் பகுதியளவில் வழங்கப்பட்டது. கடன் என்று அரசே ஒப்புக்கொண்டது நம் வாதத்திற்கு அரண் செய்கிறது.

இவ்விழப்பைச் சந்தைச் சீர்திருத்தத்தின் குற்றமாக மட்டும் காண்போர் உளர்; சோசலிசத்தின் குற்றமாக மட்டும் காண்போரும் உளர். நம் நோக்கில் அது இருபது ஆண்டுக் கணக்கின் முடிவு. 1975-ஆம் ஆண்டு கொடுக்கப்பட்டதாக ஏட்டில் எழுதப்பட்ட 145.8 ரூபிளில் ஒரு பகுதிக்கு அன்று பொருள் இல்லை. பின்பு தருவதாக வைக்கப்பட்ட அப்பொருள் 1992-ஆம் ஆண்டு நிரந்தரமாகத் தரப்படாமலே போயிற்று. ஆகவே அந்த 145.8 ரூபிள் முழுமையாகக் கொடுக்கப்பட்ட ஊதியம் அன்று. களஞ்சியத்தில் பொருளின்றிச் சான்றிதழ் வழங்குவதன் முடிவு இதுவே. இவ்விழப்பைத் தாங்கியவர், விலைக் கட்டுப்பாட்டைத் திட்டமிட்டவரும் அல்லர்; அதனை நீக்கியவரும் அல்லர். முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெற்று, அச்சேமிப்பைத் தவிர வேறெதுவும் இல்லாதிருந்த முதியவர்.

முடிவுரை

ஊதியத்தின் வாங்கும் திறனை ஆராய்வோர் நான்கு வினாக்களை ஒருங்கே எழுப்ப வேண்டும் என்பது இத்திறனாய்வின் முடிவு. எவ்வளவு பணம் கொடுக்கப்பட்டது? பொருளின் விலை என்ன? அப்பொருளைப் பெற எவ்வளவு நேரமும் எத்தகைய தகுதியும் வேண்டியிருந்தன? செலவிடாமல் வைத்த பணம் பின்னாளில் தன் மதிப்பைக் காத்ததா? முதல் வாதம் முதலிரண்டு வினாக்களோடு நின்றுவிடுகிறது. இரண்டாம் வாதம் முதல் வினாவை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டாவதற்கு அயல்நாட்டு விலையை விடையாக வைக்கிறது. பின்னிரண்டு வினாக்களையும் இரண்டும் எழுப்பவில்லை. வரிசையில் நின்ற பெண்ணும், உழைப்பு நாள் கணக்கில் வாழ்ந்த விவசாயியும், சேமிப்பை இழந்த முதியவரும் அவ்விரு வினாக்களின் விடையிலேதான் இருக்கின்றனர்.

தமிழில் சோவியத் பொருளாதாரம் பற்றி எழுதப்பட்டவற்றை இன்று ஒதுக்கிவிடுவது எளிது. அவ்வாறு ஒதுக்குவது தக்கதன்று. அந்நூல்கள் தொழிலாளியின் கூலியை ஆய்வுக்குரிய பொருளாகத் தமிழில் நிலைநிறுத்தின; மெய்க்கூலி என்ற சொல்லையே நம் கையில் தந்தன. அச்சொல்லை அவை ஒருபக்கமாகவே பயன்படுத்தின என்பது குறை. குறையைத் தீர்க்கும் வழி அச்சொல்லை முழுமையாகப் பயன்படுத்துவதே. மெய்க்கூலி என்பது கொடுத்தவர் எழுதி வைத்த கணக்கு அன்று; பெற்றவர் வீட்டிற்கு வந்து சேர்ந்த பொருள். சோசலிசப் பொருளாதாரமாயினும் சந்தைப் பொருளாதாரமாயினும் இவ்வளவுகோல் ஒன்றே என்பதை நம் மாணவர்க்கு உணர்த்துதல் வேண்டும்.